அக்காவின் உப்பு மரவை

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர்களுக்கு மக்கட்பேறு இல்லாததால், இந்த நினைவு மலரில் எழுதும் கடமை தம்பியாகிய என்னைச் சேர்ந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அச்சன்புதூரில். வாழ்க்கைப்பட்டது திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில். அத்தானுக்கு அங்கே கருப்பட்டி வியாபாரம். வீட்டின் பின்னால் தென்னைகளும் ஒரு நன்னீர்க் கிணறும் இருந்தன. அதற்கப்பால் அகன்ற மணல்வெளி. அதன் பிறகே கடல்.

ஒரு புயலில் வீடு போயிற்று என்று உறவினர் சிலர் சொல்வது சரியன்று. கடல் அவ்வளவு அவசரப்படவில்லை. முதலில் மணல்வெளி குறுகியது. பிறகு தென்னைகளின் குருத்து கருகியது. கிணற்று நீர் கரித்தது. அத்தான் ஆண்டுதோறும் பனந்தடி ஊன்றிக் கல் அடுக்கினார்கள். ஆண்டுதோறும் அது சரிந்தது. நான் குடியிருக்கும் தென்காசிக்கு வந்துவிடும்படி அழைத்தபோதெல்லாம் அத்தான் மறுத்தார்கள். அவர்களை விட்டுவிட்டு வர அக்காவும் இசையவில்லை.

ஒரு கார்த்திகை மாதம் நேரில் போனேன். அலை கிணற்றுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அத்தான், இனியும் இங்கன இருந்து என்ன செய்யப்போறிய?" என்றேன்.

"எங்கப்பா கட்டுன வீடு, மாப்ள. கடலு வரும், போவும். கெணறு கோடையில கரிக்கத்தான் செய்யும். ரெண்டு மழை பெஞ்சா சரியாயிரும். ஒனக்கு அருவித் தண்ணி குடிச்ச நாக்கு, அதான் பயப்படுத."

அடுக்களையிலிருந்து அக்கா வந்தார்கள். கையிலிருந்த, மரத்தில் குடைந்த உப்பு மரவையை அத்தான் முன் வைத்தார்கள். அதில் உப்பு இல்லை. சிலந்தி வலை கட்டியிருந்தது.

"மழையும் பெஞ்சு ஓஞ்சாச்சு. குடிக்கதுக்கு மட்டும் ஊர்க்கெணத்துல இருந்து சொமக்கேன். சோறு, கொழம்பு எல்லாம் நம்ம கெணத்துத் தண்ணிதான். கரிக்கக் கரிக்க உப்பக் கொறச்சுக்கிட்டே வந்தேன். இப்ப உப்பே போடுததில்ல. மனசு ஒடஞ்சு போவியளேன்னுதான் சொல்லல."

"அப்ப, இத்தன நாளும் நான் கடலத்தான் தின்னுக்கிட்டிருந்தேனா?"

"பின்ன? நல்லாருக்குன்னு ரெண்டாந்தரமும்லா வாங்குனிய!"

அத்தான் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மரவையை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்கள். பிறகு, "மாப்ள, வண்டிக்குச் சொல்லிரு" என்றார்கள்.

தென்காசியில் சிறு கடை அமைந்தது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் கருப்பட்டியும் துண்டும் விற்றார்கள். அக்கா அருவியில் தலை நனைக்கும் முன் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார்கள். ஆனால் சமைக்கும்போது மட்டும் அவர்களது கை பழைய கிணற்று நீரையே நம்பியிருந்தது. உப்பு எப்போதும் குறைவுதான்.

"ஏட்டி, உப்பும் ரேஷன்லயா தாரான்?" என்று எங்கள் அம்மா கேலி செய்வார்கள்.

"இருக்கட்டும் அத்தை. அவ வைக்கபடியே வைக்கட்டும்" என்று அத்தான் தடுத்துவிடுவார்கள்.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. கடைசி நாட்களில் நாங்கள் வாயில் விட்ட தண்ணீரை, "இனிச்சுக் கெடக்கு" என்று சொல்லி விழுங்கினார்கள்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், அழைக்கும் முன்பே வந்த மருத்துவருக்கும், தோள் கொடுத்த நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அக்காவும் அத்தானும் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று சாமான்களை ஏற்றித் தந்த கடலோர ஊர்க்காரர்களை மறக்க இயலாது. இப்போது அவர்கள் கிணறுகளும் கரிப்பதாக அறிகிறேன். தென்காசியில் எங்கள் வீடு அவர்களுக்கும் உரியது.

அத்தானின் விருப்பப்படி, இன்றைய சாப்பாடு அக்காவின் கையளவிலேயே சமைக்கப்படுகிறது. உப்புப் போதாதவர்கள் இலையோரம் வைத்திருப்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். அத்தான் இலைக்கு மட்டும் உப்பு வைக்க வேண்டாம் என்று பரிமாறுகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.