உங்கட வீட்டில ஆருக்கு மச்சம்?

நான் ஹம்பேர்க்கில ஒரு ஜெர்மன் உணவகத்தின்ர குசினியில இருபத்தெட்டு வருசம் நிண்டவன். கோப்பை கழுவத் துவங்கி, உருளைக்கிழங்கு உரிச்சு, கடைசியில பெரிய சமையல்காரராய் வந்தனான். நவம்பர் பிறந்தால் ஜெர்மன்காரருக்கு முழு வாத்து வாட்டிக் குடுக்கவேணும். என்ர கையால வாட்டின வாத்துகளை வரிசையில விட்டால் எல்ப ஆத்துக்கு இக்கரையில இருந்து அக்கரை போய்ச் சேரும். அதால மகள் வந்து, "அப்பா, இந்த முறை எங்கட வீட்டில தாங்ஸ்கிவிங் செய்வமோ? வான்கோழி வாட்டவேணும்" எண்டு கேட்டபோது நான் யோசிக்கவேயில்லை. ஓம் எண்டிட்டன்.

யோசிச்சிருக்கவேணும். அது அமெரிக்கக்காரர் நன்றி சொல்லுற திருநாள். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், இருக்கிறது ஜெர்மனி. இதுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பெண்டால், மகளுக்கு ஒரு பெடியன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெடியன். அமெரிக்காவில படிச்சு, இப்ப இஞ்ச ஒரு ஆய்வுகூடத்தில வேலை. படிச்ச இடத்தில பிடிச்ச பழக்கம், வருசா வருசம் கூட்டாளிமாரோட வான்கோழி வெட்டுவாராம். இந்த நவம்பரில அவற்ற தாயும் தேப்பனும் ஊரில இருந்து வருகினம். ரெண்டு குடும்பமும் முதன்முதலாய்ச் சந்திக்கிறது இந்தச் சாப்பாட்டில இருக்கட்டும் எண்டு ரெண்டு பேரும் தாங்களே முடிவெடுத்திட்டினம். அந்தத் திருநாள் வாறது வியாழக்கிழமை, இஞ்ச லீவில்லை, அதால சனிக்கிழமை.

"அவற்ற அம்மா கலியாணத்துக்கு இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை," எண்டாள் மகள். "வந்து என்னைப் பாத்திட்டுத்தான் சொல்லுவாவாம். அப்பா, தயவுசெய்து இதைக் குழப்பிப் போடாதேங்கோ."

இருபத்தெட்டு வருசம் குசினியில நிண்ட மனுசனைப் பாத்துச் சொல்லுற கதை இது.

பெடியன் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். வான்கோழி, அதின்ர வயித்துக்குள்ள அடைக்க பிரெட் எண்டுற எங்கட பாண், மசிச்ச உருளைக்கிழங்கு, பயித்தங்காய், பூசணிக்காய்ப் பலகாரம். அதுவரைக்கும் சரி. கடைசியில ஒண்டு எழுதியிருந்தார் பாருங்கோ, சர்க்கரைவள்ளியாம், எங்கட வத்தாளங்கிழங்கு, அதை மசிச்சு, அதுக்கு மேல மார்ஷ்மெலோ வைச்சு அடுப்பில வாட்டவேணுமாம். நான் ரெண்டு தரம் வாசிச்சன். கிழங்கே இனிப்பு. இனிப்புக்கு மேல இனிப்பு வைச்சு, அதை இறைச்சியோட சாப்பிடுறதாம். உதைச் செய்தால் என்ர கை அழுகிப் போகும் எண்டு மனுசியிட்டச் சொன்னன்.

"உங்கட கைக்காக இல்லை, உங்கட மகளுக்காகச் செய்யுங்கோ," எண்டா மனுசி.

அண்டையில இருந்து ஒரு கிழமையாய் மேசையில தாளும் பேனையும்தான். நான் எழுதுவன், மனுசி வெட்டுவா. வான்கோழிக்கு எங்கட ஊர்த்தூள் போட்டு ஊறவைப்பம் எண்டன். வந்த சனத்துக்குக் கண்ணால தண்ணி வரப்போகுது எண்டு வெட்டினா. பாணுக்குப் பதிலாய் வயித்துக்குள்ள இடியப்பக் கொத்து அடைப்பம் எண்டன். என்னை ஒரு பார்வை பாத்தா, நானே வெட்டிப்போட்டன். கத்தரிக்காய்ப் பால்கறி மட்டும் சண்டையில்லாமல் ஏறிச்சுது.

ஆனால் ஒரு விசயம் தெரியாமல் எந்தச் சமையல்காரனும் பட்டியலை முடிக்கேலாது. எங்கட வீட்டில வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. மற்ற நாளெல்லாம் மீனோ இறைச்சியோ, ஏதோ ஒரு மச்சம் இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. மகள் மூண்டு வருசத்துக்கு முந்தி மச்சத்தை முழுசாய் விட்டவள், இப்ப வெறும் மரக்கறிதான். வாற ஆக்கள் எப்பிடி?

"நான் அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன் அப்பா," எண்டாள் மகள்.

"பெரியாக்களை நேர கேக்கிறதுதான் மரியாதை. நம்பரைத் தா."

"நீங்கள் கதைக்கிறது அவைக்கு விளங்குமோ?" எண்டு மனுசி மெதுவாய்க் கேட்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தமிழனுக்குத் தமிழ் விளங்காதோ? தாளை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய் நிண்டு போன் அடிச்சன்.

பெடியன்ர தாய்தான் எடுத்தவ. நல்ல பணிவான குரல். சுகம் விசாரிச்சம், குளிர் பற்றிக் கதைச்சம். பிறகு நான் விசயத்துக்கு வந்தன்.

"அக்கா, ஒரு விசயம் கேக்கவேணும், குறை நினைக்காதேங்கோ. உங்கட வீட்டில ஆர் ஆருக்கு மச்சம் எண்டு சொன்னீங்கள் எண்டால் எனக்கு வசதியாய் இருக்கும்."

அவ திருப்பிக் கேட்டா.

"மச்சமுங்களா?"

"ஓம் அக்கா, மச்சம்."

"எனக்கு இருக்குங்க. கழுத்துல."

கழுத்து! நான் அசந்து போனன். கோழியில கழுத்தின்ர ருசி தெரிஞ்ச ஆக்கள் இந்த உலகத்தில கொஞ்சப்பேர்தான். ‘அக்கா: கழுத்து’ எண்டு எழுதினன்.

"அண்ணைக்கு?"

"அவருக்கு ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இல்ல."

‘அண்ணை: சைவம்.’

"தம்பிக்கு?"

"அவனுக்கு ரெண்டு. முதுகுல ஒண்ணு, வலது தொடைல ஒண்ணு. நல்ல இடம்னு சொல்லுவாங்க."

நல்ல இடம்தான், நானும் ஒத்துக்கொள்ளுறன். நெஞ்சிறைச்சி காய்ஞ்சு போகும், தொடைதான் சாறு. ஆனால் வலது தொடையாம். இடது காலுக்கும் வலது காலுக்கும் ருசி வித்தியாசம் பிடிக்கிற பெடியனை நான் என்ர அனுபவத்தில காணேல்லை. இருந்தாலும் மாப்பிள்ளை. ‘தம்பி: முதுகு, வலது தொடை’ எண்டு எழுதிக் கீழ ஒரு கோடும் போட்டன்.

"பொண்ணுக்குங்க?" எண்டு அவ கேட்டா.

"மகளுக்கு இப்ப இல்லை அக்கா. முந்தி நிறைய. மூண்டு வருசத்துக்கு முந்தி எல்லாத்தையும் ஒரேயடியாய் எடுத்து விட்டாச்சு."

"எல்லாத்தையுமா? ஐயோ, ஏனுங்க?"

"உடம்புக்கு நல்லதில்லையாம் அக்கா. எங்களுக்கும் முதலில சரியான கவலைதான். டொக்டரிட்டக் கொண்டுபோய் இரத்தமெல்லாம் சோதிச்சனாங்கள். இப்ப பயமில்லை எண்டு சொல்லிப்போட்டார். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் டொக்டரிட்ட நேரம் எடுத்துப் போய்க் காட்டுறவள்."

பிறகு, "கடவுள் இருக்காருங்க அண்ணா," எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டா. இறைச்சியை விட்டதுக்கு ஏன் கடவுளைக் கூப்பிடுறா எண்டு எனக்கு விளங்கேல்லை. சரி, பக்தியான ஆக்கள் எண்டு நினைச்சுக்கொண்டு உள்ளுக்கு வந்தன்.

அதுக்குப் பிறகுதான் எங்களுக்குச் சனி பிடிச்சது. முந்தி மகளோட போனில கலகலவெண்டு கதைச்ச பெடியன்ர தாய் திடீரெண்டு அளந்து அளந்து கதைக்கத் துவங்கினா. வெயிலுக்குள்ள போறதில்லையே எண்டு கேட்டாவாம். ஹம்பேர்க்கில, நவம்பரில! ராத்திரி நித்திரை வருதோ, உடம்பு மெலியுதோ எண்டு கேட்டாவாம். ஒருநாள் மகள் வந்து என்ர முன்னால நிண்டாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"அப்பா, நீங்கள் அவையோட என்ன கதைச்சனீங்கள்?"

"என்ன சாப்பிடுறனீங்கள் எண்டு கேட்டன். வேறை ஒண்டும் கதைக்கேல்லை. வான்கோழி மேல ஆணை."

"அவற்ற அம்மா அழுதவவாம். ஏனெண்டு அவருக்கும் சொல்லுறாவில்லை. அப்பா, அவ வேண்டாம் எண்டு சொன்னால் அவர் மீறமாட்டார். நானும் மீறச் சொல்லமாட்டன்."

அவள் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிஞ்சுது. அகதியாய் வந்த குடும்பம், தேப்பன் கோப்பை கழுவினவன், அதுதான் பெடியன்ர தாய்க்குப் பிடிக்கேல்லை. "என்ர பிள்ளையை எடைபோடுறதுக்கு இவை ஆர்? வேண்டாம் எண்டால் போகட்டும், இந்தச் சம்பந்தமே வேண்டாம்" எண்டு மனுசிக்கு முன்னால குதிச்சன். மனுசி மார்ஷ்மெலோ பைக்கட்டை எடுத்து என்ர முன்னால வைச்சா, அவ்வளவுதான். அது மிருக எலும்பில எடுக்கிற ஜெலட்டின் போட்டது, அதுவும் மச்சம் எண்டு சொல்லி, ஜெலட்டின் இல்லாத பைக்கட் வாங்கக் கடை கடையாய் அலைஞ்சன். கோபம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம்.

சனிக்கிழமை வந்துது. வான்கோழி எங்கட வீட்டு அடுப்புக்குள்ள போகமாட்டன் எண்டு அடம்பிடிச்சுது. காலை மடிச்சுக் கட்டி, தட்டுகளை எல்லாம் கழட்டி, தள்ளிக் கதவைச் சாத்தினன். அதுக்குப் பிறகு கழுத்தைத் தனியாய் எடுத்து, மிளகும் வெங்காயமும் போட்டு அக்காவுக்கெண்டு ஒரு சின்னப் பிரட்டல். இந்த மனுசி எங்களை மதிக்காட்டிலும் என்ர கறியை மதிக்கத்தான் வேணும்.

மத்தியானம் மூண்டு பேரும் வந்திச்சினம். தாய் உள்ளுக்கு வந்ததும் எங்களுக்கு வணக்கம் சொல்ல முந்தி மகளைப் பிடிச்சா. கன்னத்தைத் தடவினா. கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. சந்தையில மீன் பாக்கிற மாதிரிப் பாக்கிறா எண்டு எனக்குள்ள கொதிச்சுது. தேப்பன் நல்ல சாதுவான மனுசன், குசினிப் பக்கம் மணம் பிடிச்சுக்கொண்டே வந்து இருந்தார். சைவக்காரருக்கு அருவருப்பாய் இருக்கும் எண்டு, பூசணிக்காயையும் கத்தரிக்காயையும் அவருக்கு முன்னால வைச்சு, வான்கோழியை மேசையின்ர மற்றத் தொங்கலுக்குத் தள்ளினன். அவர் கதிரையை இழுத்து இழுத்து வான்கோழிக்குக் கிட்ட வந்தார். நான் திரும்பவும் தள்ளினன்.

சாப்பிட முந்தி ஒவ்வொருத்தரும் ஒரு நன்றி சொல்லவேணும், அதுதான் முறை எண்டார் பெடியன். தேப்பன் நல்ல சாப்பாட்டுக்கு நன்றி எண்டு வான்கோழியைப் பாத்துச் சொன்னார். வான்கோழி அடுப்புக்குள்ள அடங்கினதுக்கு நன்றி எண்டு நான் சொன்னன், சிரிச்சினம். பிறகு தாயின்ர முறை. அவ எழும்பி நிண்டா. மகளின்ர தோளில கையை வைச்சா.

"இந்தப் பொண்ணுக்கு வந்த நோய் குணமாயிடுச்சு. அதுக்கு முதல்ல கடவுளுக்கு நன்றிங்க. கல்யாணம் பேசுற நேரத்துல பொண்ணோட நோயை யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. அண்ணா மறைக்காம சொன்னாரு. அஞ்சாறு நாள் எனக்குத் தூக்கமே இல்ல. அப்புறம் ஒண்ணு நினைச்சேன். நாளைக்கு என் வீட்டுக்கு வந்தப்புறம் இந்த நோய் வந்தா விட்டுடுவேனா? மறுபடி வந்தாலும் சரி, நாங்க பாத்துக்குவோம். எனக்குச் சம்மதம்."

"எனக்கு என்ன நோய்?" எண்டாள் மகள்.

"அப்பா சொன்னாரேம்மா. மச்சத்தை எல்லாம் எடுத்துட்டாங்க, டாக்டர் பாத்தாருன்னு. ஒடம்புல மச்சம் மாறினா அது கேன்சரா இருக்கும்னு எங்க பக்கத்து வீட்டு நர்ஸ் சொன்னாங்க."

மகள் மெல்லத் திரும்பி என்னைப் பாத்தாள். மனுசியும் பாத்தா. நான் பொக்கற்றுக்குள்ள இருந்த தாளை எடுத்தன்.

"அக்கா," எண்டன். "எங்கட ஊரில மச்சம் எண்டால் மீன், இறைச்சி. நான் கேட்டது சாப்பாட்டை."

"அப்போ கழுத்து?"

கழுத்துப் பிரட்டலின்ர மூடியைத் திறந்து காட்டினன். அவ எட்டிப் பாத்து ரெண்டடி பின்னால போனா. "நான் முட்டை கூடத் தொட மாட்டேங்க!"

பெடியன் தாளை வாங்கி வாசிச்சார். ‘தம்பி: முதுகு, வலது தொடை.’ காதெல்லாம் சிவந்துபோச்சு. மகள் சிரிக்கத் துவங்கினாள், சிரிச்சு அழுது, மேசையில தலையை வைச்சிட்டாள். அந்த நேரம்தான் தேப்பன் தன்ர குறையைச் சொன்னார்.

"அண்ணா, எனக்கு மச்சம் ஒடம்புல தாங்க இல்ல. தட்டுல வேணும்."

அதுக்குப் பிறகு ஆராலயும் அடக்க ஏலாமல் போச்சு. தாய் கண்ணைத் துடைச்சுக்கொண்டு அந்தத் தாளை மடிச்சுத் தன்ர கைப்பைக்குள்ள வைச்சா. சாதகத்தோட வைக்கப்போறாவாம்.

சிரிப்பு அடங்கினாப் பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது. இந்த மனுசி எங்களைக் குறைவாய் நினைக்கிறா எண்டு நான் குதிச்ச அதே நாளுகளில, என்ர பிள்ளைக்குப் புற்றுநோய் எண்டு நினைச்சுக்கொண்டு, அவளை ஏற்கத் தன்ர மனதைச் சரிக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறா. நான் வேண்டாம் எண்ட நேரம் அவ ஓம் எண்டிருக்கிறா.

"எனக்குத் திரும்ப ஒருக்கால் முறை வேணும்," எண்டன். "முந்திச் சொன்னது அடுப்புக்கு."

எல்லாரும் பாத்துக்கொண்டு இருந்திச்சினம். வாய்க்காரன் எண்டு பேர் எடுத்தவன் நான். கடைசியில, "அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டுதான் வந்துது.

"நன்றி சொல்ற எடத்துல மன்னிப்புக் கேக்கறீங்களே அண்ணா," எண்டா அவ. "அந்தக் கத்தரிக்காயை இப்படிக் குடுங்க."

நான் கத்தரிக்காய்ப் பால்கறியை அவவுக்கு முன்னால வைச்சன். பிறகு கத்தியை எடுத்து, வலது தொடையை வெட்டி, தேப்பன்ர தட்டில போட்டன்.