பழைய எஞ்சினில் வளைகாப்புக்கு

ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த சின்ன ரயில் எஞ்சினைப் பழுதுபார்த்து, இன்று காலை மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு மறுபடி ஓட்டினார்கள். சாமந்தி மாலை, தேங்காய், வெள்ளைக்கார அதிகாரி எல்லாம் உண்டு.

தருமபுரியில் மைத்துனிக்கு வளைகாப்பு. மோட்டார் பஸ்ஸில் போகலாம் என்று சொன்ன மனைவி மாதம்மாவை, ஆசை தாங்காமல் நான்தான் அந்த ரயிலில் ஏற்றினேன்.

பாதி மேட்டில் வண்டி நின்றது. தொட்டி ஒழுகி, எஞ்சினுக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம்.

"நல்ல வண்டி புடிச்சீங்க போங்க!" என்று என்னைத் திட்டிய மாதம்மா, சீராகக் கொண்டுபோன பித்தளைக் குடத்தோடு பக்கத்துக் கிணற்றுக்கு இறங்கிப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். எல்லோருமாகத் தண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்பினோம்.

டிரைவர் அவளை எஞ்சினுக்குக் கூப்பிட்டார். "நீங்களே விசில் குடுங்கம்மா, கெளம்பலாம்."

கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கிணற்றடி மாடுகள் மிரண்டன.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பந்தியே முடிந்துவிட்டது. மாதம்மாவின் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மாதம்மா விசில் கதையைச் சொல்லச் சொல்ல அவளும் சிரித்துவிட்டாள்.

"நாளைக்குப் பஸ்ஸிலேயே திரும்பிடலாம்" என்றேன்.

"நீங்க பஸ்ஸுல வாங்க. நான் ரயில்லதான் வருவேன்."

அந்தப் பஸ்ஸில் எனக்குத் துணைக்கு யார் வருகிறீர்கள்?