இன்னொருத்தர் வர்ற மாதிரி ஒண்ணு

எங்கள் கடையில் யாராவது ஒரு சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். என்ன சந்தேகம் என்று கேட்க மட்டும் யாருக்கும் பொறுமை இருக்காது. படம் வரைய எந்த சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ளலாம் என்று ஊசி அக்கா கேட்டபோதும் அதுதான் நடந்தது.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது ஸ்டிக்கரும் பெயர்ப் பலகையும் செய்கிற கடை. எழுத்தையும் படத்தையும் நான் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவேன். கட்டர் மெஷின் அந்தக் கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டி ஸ்டிக்கர் தாளை வெட்டித் தள்ளும். வெட்டிய தாளைப் பார்த்தால் எதுவுமே புரியாது, ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும். அக்கா ஒரு வளைந்த ஊசியை வைத்துக்கொண்டு, எழுத்தைச் சுற்றியும் எழுத்தின் வயிற்றுக்குள்ளும் இருக்கிற வேண்டாத தாளையெல்லாம் உரித்து எடுப்பார். அப்புறம்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். சாப்பிடப் போகும்போதுகூட அந்த ஊசியைக் காலரில் குத்திக்கொண்டே போவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அமைதியான பெண்மணி என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தால் என் மானம் கப்பலேறும். "இத்தனை பொடிப் பொடி ஓட்டை வச்சு வரைஞ்சிருக்கியே, இதையெல்லாம் யாரு உரிப்பா? உன் மாமியாரா?" என்று வாசலில் நிற்கிற கஸ்டமருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்பார். எனக்கும் அவருக்கும் அதனால்தான் ஒத்துப்போயிற்று. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

அக்காவின் வீட்டுக்காரருக்கும் இதே தொழில்தான். கடல் தாண்டி ஒரு கம்பெனியில் உட்கார்ந்து பலகை வரைகிறார். போனவுடன் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவரை, அங்கே நல்ல வேலைக்காரர் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிகிற நேரம் பார்த்து நீட்டிப்பார்கள். இந்த வருடமும் நீட்டித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அக்கா ஒரு பெரிய பலகையில் எழுத்தின் நடு வயிற்றையும் சேர்த்து உரித்துப் போட்டுவிட்டார். அதற்கு முன் அக்காவுக்குக் கை தவறி நான் பார்த்ததே இல்லை. முதலாளிகூட ஒன்றும் சொல்லாமல் புதுத் தாளை மெஷினில் மாட்டச் சொன்னார்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து போன் வரும். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் மனப்பாடம்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விடுவார்கள். பிறகு வைத்துவிடுவார்கள். "இதுக்கு எதுக்குக்கா போனு? ஒரு மிஸ்டு கால் குடுத்தா மாமாவுக்குப் புரியாதா?" என்று கிண்டல் செய்வேன். எப்போதும் சிரிப்பவர், ஒரு நாள் சிரிக்கவில்லை.

"பேச்சு தீந்து போச்சுடி. கோவமெல்லாம் இல்ல. அங்க நடக்கிறது எனக்குத் தெரியாது, இங்க நடக்கிறது அவருக்குத் தெரியாது. எல்லாத்தையும் சொல்லிச் சொல்லியே எத்தனை நாளைக்குக் குடும்பம் நடத்துறது? ஒரு வீட்டுல இருந்தா, அவரு ஒரு மூலையில இருப்பாரு, நான் ஒரு மூலையில இருப்பேன். பேசணும்னு என்ன இருக்கு?"

அக்கா ஏங்கியது பேச்சுக்காக இல்லை. பேசாமல் பக்கத்தில் இருப்பதற்காக. போனில் அது முடியாது. போனில் பேசாமல் இருந்தால் லைன் கட்டாகிவிட்டதோ என்றுதான் தோன்றும்.

இப்போது சாஃப்ட்வேருக்கு வருகிறேன்.

"நான் வரையக் கத்துக்கலாம்னு இருக்கேன். எதுல கத்துக்கிறது?" என்று அக்கா கேட்டதும் முதலில் வாயைத் திறந்தவர் முதலாளி. கோரல்டிராதான் என்றார். கடையிலேயே இருக்கிறது, பெயர்ப் பலகைக்கு அதை விட்டால் வேறு கிடையாது என்றார். கட்டர் மெஷின்காரர் உதட்டைப் பிதுக்கினார். கற்றுக்கொண்டால் இல்லஸ்ட்ரேட்டர்தான் கற்றுக்கொள்ள வேண்டும், உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் வேலை நிச்சயம் என்றார். அவர் அதைத் திறந்ததோடு சரி, மூடக்கூடத் தெரியாமல் மெயின் சுவிட்சை அணைத்தவர். ஏணி ஏறிப் பலகை மாட்டுகிறவர், இங்க்ஸ்கேப் ஓசியில் கிடைக்கும்போது எவனாவது காசு கொடுப்பானா என்று ஏணியிலிருந்தே கத்தினார். மூவரும் அடித்துக்கொள்ளாத குறை.

நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குள்ளே வேறு கலக்கம். இத்தனை வருடம் உரித்தது போதும் என்று அக்கா என் நாற்காலிக்குக் கண் வைக்கிறாரோ?

ஆனால் ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் அக்கா ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"அதுல இன்னொருத்தர் கூட வர முடியுமா?"

"எதுக்கு? வேலையைக் கெடுக்கவா?" என்றார் முதலாளி. மெஷின்காரர், ஃபைலை மெயிலில் அனுப்பலாமே என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நாளுக்கு முன்னால் ஒரு கஸ்டமர் அம்மாள், தன் கண் முன்னாலேயேதான் வரைய வேண்டும் என்று அடம் பிடித்தார். நேரில் வரவும் மாட்டாராம். அதனால் பிரவுசரில் திறக்கிற ஃபிக்மாவில் வேலையைப் போட்டு லிங்க்கை அனுப்பினேன். அதில் ஒரே படத்தை இரண்டு பேர் திறந்தால், மற்றவருடைய மவுஸ் அம்பு அவர் பெயரோடு நம் திரையில் நடமாடும். அந்த அம்மாள் என் எழுத்தின் மேலேயே வந்து குந்திக்கொண்டார். பின்னால் நின்ற அக்கா, "அது யாருடி?" என்றார்.

"கஸ்டமர்."

"எங்க இருக்காங்க?"

"அவங்க ஆபீஸ்ல."

"இப்ப இங்க இருக்காங்களா?"

"இருக்காங்களாவா? உயிரை வாங்குறாங்க. பாருங்க, நகர்றாங்களான்னு."

அக்கா அந்த அம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தது. அதை அவர் பார்த்த பார்வைக்கு எனக்கு அன்றைக்கு அர்த்தம் தெரியவில்லை.

மறுநாள் நானே போய்ச் சொன்னேன். "அக்கா, இந்த மூணு பேர் சொன்னது எதுவும் வேண்டாம். அன்னைக்குப் பாத்தீங்களே, அதையே கத்துக்கோங்க. நான் சொல்லித் தர்றேன்." அக்கா என் கையை ஒரு நிமிடம் பிடித்தார். பிறகு, "உனக்கே அரைகுறை, நீ எனக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போற" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, படுத்தி எடுத்துவிட்டார். கோடு வரைகிற பென் டூலில் ஒரு வளைவுக்கு இரண்டு புள்ளி போதும் என்றால் கேட்க மாட்டார். கோட்டின் மேல் நெருக்கமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போவார். முதலில் வரைந்த வட்டம் எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. "ஊசியில இப்படித்தான் அடி அடியா போவேன்" என்று என்னையே முறைத்தார். சாப்பாட்டு நேரமெல்லாம் என் நாற்காலி அவருக்குப் போயிற்று. கண் வைக்காமலேயே பிடித்துக்கொண்டார்.

வரைந்தது அவர் குடியிருக்கும் வீட்டை. முன் சுவரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு எதிரில் நின்று பார்க்கிற மாதிரி. கீழே டயர் கடை, மேலே அவர்களுடைய இரண்டு அறை. மேஜை, இரண்டு நாற்காலி, ஜன்னல், கட்டில், சுவிட்ச் போர்டு, சொட்டுகிற குழாய் வரைக்கும் இருந்தது. இந்த வீட்டுக்கு அக்கா தனியாகத்தான் குடிவந்தார். சாமானைச் சுமந்தது எங்கள் ஏணிக்காரர். அக்காவின் வீட்டுக்காரர் அதற்கு முன்னாலேயே கடல் தாண்டிப் போயாகிவிட்டது.

அவருக்கு விடுமுறையான ஒரு நாளில் லிங்க்கை அனுப்பினோம். போனை ஸ்பீக்கரில் போட்டு அக்கா மேஜையில் வைத்தார். நான் சாப்பாட்டு டப்பாவோடு பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சை அம்பு அவர் பெயரை இழுத்துக்கொண்டு திரைக்குள் வந்தது. அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது, கலியாணப் பெண் கெட்டாள்.

"யாரு ஆர்டர் இது?" என்றது போன். கேட்டுக்கொண்டே அந்த மனிதர் வேலையை ஆரம்பித்துவிட்டார். கோணலாக இருந்த ஜன்னலை நிமிர்த்தினார். நாற்காலிகளை ஒரே மட்டத்தில் நிறுத்தினார். அக்கா வைத்த புள்ளிகளை மளமளவென்று அழித்து மேஜையின் ஓரத்தை வழவழப்பாக்கினார். தொழில் புத்தி யாரை விட்டது?

"ஐயோ, வேலை பாக்காதீங்க," என்றார் அக்கா. "ஆர்டரெல்லாம் இல்ல. இது நம்ம வீடு."

பச்சை அம்பு நின்றது. பிறகு மெதுவாக அறைக்கு அறை போனது. கட்டில் பக்கம் போனது, குழாய்க்குப் போனது, மேஜைக்குத் திரும்பி வந்தது. "எல்லாம் இருக்கு, கதவக் காணோமே?" என்றார்.

"அதை நான் வரையல. நீங்கதான் போடுங்களேன்."

அவர் போட்டார். நிலை, தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாம் வைத்து ஜன்னலுக்குப் பக்கத்திலேயே அழகான கதவு. என் கையால் அப்படி வராது. அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் டப்பாவை மூடினேன்.

"என்ன? நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. ஆனா கதவு அங்க இல்லைங்க. அது பழைய வீட்டுல."

எப்போதாவது வீடியோ காலில் வீட்டைப் பார்த்திருப்பாரே என்று கேட்கலாம். பார்த்தது என்ன? மேஜை, பின்னால் சுவர், நடுவில் அக்கா முகம். வாசலை யார் காட்டினார்கள்? பச்சை அம்பு அந்தக் கதவின் மேலேயே அசையாமல் கிடந்தது. நான் திட்டிய கஸ்டமரின் அம்பு மாதிரி இல்லை அது.

"நான் இந்த வீட்டுக்குள்ள வந்ததே இல்ல, இல்லையா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. மவுஸைப் பிடித்துத் தன் அம்பைக் கீழே தெருவுக்குக் கொண்டுபோனார்.

"கீழ வாங்க. என் பின்னாடியே வாங்க."

பச்சை அம்பு இறங்கி வந்தது. அக்கா டயர் கடையைத் தாண்டினார், அதுவும் தாண்டியது. பக்கவாட்டில் வெளிப்படிகள் இருந்தன. அக்கா ஒவ்வொரு படியாக ஏறினார். அவரும் அவசரப்படவில்லை, ஒரு படி பின்னாலேயே வந்தார். மேல்படியில் அக்கா நின்றார்.

"இதான் வாசல். மேல நிலை தாழ்வா இருக்கும், உங்க உயரத்துக்கு இடிக்கும். குனிஞ்சு வாங்க."

பச்சை அம்பு கொஞ்சம் கீழே இறங்கி, அப்புறம் உள்ளே வந்தது.