அவரு வந்துட்டாரு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். ஆம்பூரில் நாங்கள் கட்டிய சின்ன வீடு எங்களுக்குத் தனி வளைதான். ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே அதில் எலிகள் பால் காய்ச்சிவிட்டன.

எலியை வீட்டுக்குள் பெயர் சொல்லிப் பேசக்கூடாது என்பது என் அம்மா வீட்டுப் பழக்கம். காதில் விழுந்தால், நல்ல புடவையாகப் பார்த்துக் கடிக்குமாம். அதனால் மரியாதையாக ‘அவரு’ என்போம். கல்யாணமான பிறகு கணவரையும் அவரு என்றுதான் சொன்னேன். அவர் பெயரைச் சொல்லும் வழக்கமும் எங்களிடம் இல்லை. இரண்டு பேரும் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வருவீர்கள் என்று அவரைக் கிண்டல் செய்வேன்.

எனக்கு வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் வேலை. ஷூவின் மேல்பாகத் தோலைத்தான் அப்பர் என்போம். கம்பெனியிலிருந்து ஏஜென்ட் அம்மா கொண்டுவந்து போடுவார், கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். இடது காலுக்கான அப்பரை எலி கொறித்துவிட்டால், கூடவே இருக்கும் நல்ல வலது காலும் வீண். ஒரு முறை அப்படி ஆனதும் ஏஜென்ட் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா வேற வீட்டுக்குத்தான் குடுக்கணும்மா. எனக்குக் கம்பெனில பேஜாராவுது.”

விஷம் வைத்தால் எங்கே போய்ச் செத்து நாறும் என்று தெரியாது. பூனை வளர்த்தால், தோலைப் பார்த்ததும் நகம் தீட்ட உட்கார்ந்துவிடும். யோசித்துக்கொண்டிருந்தபோது, கணவர் ஒடுகத்தூரில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே எப்போதும்போல ஒரு மூட்டை வேர்க்கடலை.

“எங்க ஊரு நாய்ங்க கல்லக்காய் கொல்லையில வளை தோண்டிப் புடிக்கும், தெரியுமா?”

“தீபாவளி வரைக்கும் பாப்பேன். புடிக்கலன்னா ஒடுகத்தூர் பஸ்ல ஏத்திடுவேன்” என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு.

பீரோவுக்குப் பின்னால் சத்தம் கேட்கும்போதெல்லாம், “டேய், அவரு வந்துட்டாரு, போய்ப் புடி!” என்று விரட்டினேன். நாய் துள்ளி எழுந்து, நேராக வாசல் கேட்டுக்கு ஓடி, தெருவைப் பார்த்து வாலை ஆட்டும். எலி நிதானமாகத் தன் வேலையைப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் இதே கதை. சரியான மக்கு என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூத்தைப் பார்த்த கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தெனம் சாயந்திரம் என் வண்டிச் சத்தம் கேட்டா நீ இன்னா சொல்ற? ‘அவரு வந்துட்டாரு’ன்னுதான? அதுக்கு அவருன்னா நான்தான். எலிய எலின்னே சொல்லேன்.”

“சொல்லி, என் புடவையக் கடிச்சா நீங்களா தச்சித் தருவீங்க?” என்று கேட்டேன். பழக்கத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

நாய் மிச்சம் வைத்த சோற்றை எலி வந்து தின்னும். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். வயிறு நிறைந்த வீட்டு நாய்க்கு எலி மேல் என்ன பகை? ஒரு நல்லது மட்டும் செய்தது. பீரோவின் ஒரு மூலையை அடிக்கடி மோந்து பார்த்து உறுமியது. நகர்த்திப் பார்த்தால் அங்கே பொந்து. கண்ணாடிச் சில்லு போட்டு சிமென்ட் பூசினோம். கடலையும் அப்பரும் மூடி போட்ட டிரம்முக்குள் போயின. நாய்த் தட்டை உடனுக்குடன் கழுவினேன். எலி நன்றாகவே குறைந்தது. அதில் நாயின் பங்கு மூக்கு, மீதி எங்கள் கை. நாய் வளர்த்தால் எலி போய்விடுமா என்று யாராவது கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். வீட்டுக்கு வரும் எதுவும் நாம் கொடுக்கிற வேலையை அப்படியே செய்வதில்லை. தனக்குப் பிடித்த ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறது. தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. நாயை நான் பஸ் ஏற்றவில்லை.

போன வருஷம் அவர் இறந்துவிட்டார். காலையில் நன்றாகத்தான் வேலைக்குக் கிளம்பினார். நெஞ்சுவலி என்று பாதி வேலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு வீடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவருடைய தம்பி வந்தார். “அண்ணி, தனியா தச்சிக்கினு இத வேற நீங்க பாத்துக்கணுமா? எலியும் புடிக்கறதில்ல. நான் இட்டுனு போறேன், கொல்லையில கெடக்கும்.” நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கே சோறு வடிக்க அலுப்பாக இருந்த நாட்கள் அவை. சரி என்று தலையாட்டிவிட்டு டீ போட உள்ளே போனேன். தம்பி நாயின் கழுத்துச் சங்கிலியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுப்படியில் ஒரு டம்ளர் உருண்டது. வாய் தன்னால் சொல்லிவிட்டது: “பாரு, அவரு வந்துட்டாரு.”

நாய் சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. கேட்டுக் கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்து, தெருமுனையைப் பார்த்து வாலை ஆட்டியது.

“யாரு அண்ணி வர்றாங்க?” என்று தம்பி எட்டிப் பார்த்தார்.

“யாரும் வரல, தம்பி” என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. அவர் போனதிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போது வந்தது. தம்பி டீயைக் குடித்துவிட்டு, நாயை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். நாய் இருட்டும்வரை கேட்டிலேயே நின்றது.

அன்றிலிருந்து நான் எலியை எலி என்றே சொல்கிறேன், சத்தமாகவே. காதில் விழுந்தால் விழட்டும். இருக்கிற புடவையெல்லாம் கடித்துப் போடட்டும். இன்னொரு முறை அந்த நாயை வாசலுக்கு ஓட வைக்க என்னால் முடியாது.