சுகாசினி பூட்டி வச்ச கடை

காஞ்சிபுரம் பக்கம் எங்க ஓரிக்கையில பட்டுப்புடவை முந்தானைக்குக் குச்சு கட்டுறதுல பக்கத்து வீட்டு சுகாசினியை மிஞ்ச ஆளில்லை. மயில் தோகை மாதிரி ஒரு முடிச்சு, அவளே யோசிச்சது. வெப்சைட்டும் போட்டாள். ஆவணி முகூர்த்தத்துக்குள்ள ஆர்டர் வரலைன்னா பழையபடி ஜவுளிக்கடையில புடவை மடிக்கப் போகணும். அதுல அவளுக்கு மனசே இல்லை.

ஆறு மாசமாச்சு. போன்ல எப்படித் தேடினாலும் அவள் கடை வரலை. வரதர் கோயிலுக்குப் போய் வெப்சைட் பேருக்கு அர்ச்சனைகூடப் பண்ணினாள். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டதும் முழிச்சாளாம்.

கடைசியில, அதைப் போட்டுக் கொடுத்த சம்பத்குமாரைக் கூப்பிட்டாள்.

"அடுத்த தெருவுல குச்சு கட்டுற பொன்னி காப்பியடிப்பா, யாரு தேடினாலும் வரக்கூடாதுன்னு நீங்கதானேக்கா பூட்டச் சொன்னீங்க? படத்துக்குக் கீழ ஒரு வார்த்தையும் எழுத விடலை. அப்புறம் எப்படிக்கா வரும்?"

"பொன்னிக்கு மட்டும் பூட்டேன்பா."

"அது முடியாதுக்கா."

வாசலை அடைச்சுட்டு என்ன வியாபாரம்னு நான் முதல்லயே கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத நான் சும்மா இருக்கணுமாம். நான் சும்மா இருக்கலை. மூணு நாள் விடாம சொன்னேன். கடைசியில சுகாசினி சம்பத்குமார்கிட்ட பூட்டை எடுக்கச் சொல்லி, படத்துக்குப் படம் விவரமும் எழுத வச்சாள்.

ஒரு மாசம் கழிச்சு முதல் போன். பொன்னிதான்.

"ஏம்மா சுகா, உன் வெப்சைட்ல பார்த்த அந்த மயில் முடிச்சை நாலு நாளா கட்டிக்கினு இருக்கேன், வரமாட்டேங்குது. கல்யாணப் பொண்ணு அதுதான் வேணும்னு நிக்குது. ஆறு புடவை, நீயே கட்டிக் குடும்மா."

"கை நிறைய வேலை இருக்குதுக்கா, பார்க்கறேன்"னு பந்தாவா போனை வச்சுட்டு, என்கிட்ட "ஆயா, அந்த நூல்கண்டை இப்படிக் குடு"ன்னாள்.