நூற்று நாற்பதுக்குக் கீழே

மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் அவளுக்கு 'வளைகோட்டம்மா' என்று பெயர். புள்ளியியல் படித்தவள். ரத்த அழுத்தம் நூற்று நாற்பதைத் தொட்டால் நோயாளி, தொடாவிட்டால் நார்மல் என்று மற்றவர்கள் இரண்டு மூட்டையாகக் கட்டிவைப்பதை அவள் உட்கார்ந்து பிரிப்பாள். ஆபத்து படியேறுவதில்லை, சரிவில் ஏறுகிறது என்பது அவள் கட்சி.

நெடுநாள் ஆய்வு ஒன்றில் நர்ஸுகள் எண்ணை விட்டுவிட்டு 'மேல்', 'கீழ்' என்று மட்டும் குறித்திருந்தார்கள். அளக்கும் கருவிகளிலிருந்து அசல் எண்களை மீட்க ஒரு கோடை முழுக்கப் போனது. அழுத்தம் கூடக் கூடப் பக்கவாத ஆபத்து எப்படிக் கூடுகிறது என்று வரைந்து பார்த்தால் நூற்று நாற்பதில் ஒரு முறிவும் இல்லை. கோடு வழுவழுவென்று ஏறியது.

அந்த ஆய்வில் அவளுடைய அண்ணனும் ஒருவர். வேன் ஓட்டுபவர், சிகரெட் பழக்கம் உண்டு, அப்பா போனது பக்கவாதத்தில். ஒவ்வொரு முறையும் நூற்று முப்பத்தெட்டு. சிகிச்சை தேவையில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

"ரெண்டு மார்க்ல பாஸ் பாப்பா. நீதான் ஃபெயிலாக்கப் பார்க்கறே" என்று சிரிப்பார்.

அவரைப் போன்றவர்களின் வயதையும் பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவள் தலைமை மருத்துவரிடம் மன்றாடினாள். அவர் வாசலில் நின்ற வரிசையைக் காட்டினார். "வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு சொல்லும்மா. வளைவை வச்சுக்கிட்டு நர்ஸ் என்ன பண்ணுவாங்க? வேணும்னா நூத்தி முப்பதுன்னு வச்சுக்கலாமா?"

"எங்க வெட்டினாலும் அதுக்குக் கீழ ஒருத்தர் ஒட்டிக்கிட்டு நிப்பார் டாக்டர்."

அவர் கோபப்படவில்லை. அவளுடைய ஆய்வுக் கட்டுரை வளைகோட்டோடு அச்சாகட்டும், விதியை மாற்றுவதை மருத்துவமனைக் குழு முடிவு செய்யட்டும் என்றார். குழு கூடுவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் ஒரு நாள் காலையில் வேனிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் சரிந்தார். மாலைக்குள் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பியவள் முதலில் அண்ணனின் முடிவைத் தரவில் சேர்த்தாள். அழுத்தம் நூற்று முப்பத்தெட்டு, பக்கவாதம், மரணம். கணக்கை மறுபடி ஓட்டினாள். வளைகோடு கண்ணுக்குத் தெரிகிற அளவு அசையவில்லை. ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்காக அசையக் கூடாது என்பது அவள் படித்த பாடம்.

மறுவாரம் அண்ணியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் அளந்துவிட்டு, "நார்மல்தாம்மா, கிளம்பலாம்" என்றாள்.

அண்ணி எழுந்தார். அவள் எழவில்லை.

"எவ்வளவுன்னு சொல்லுங்க."