பாஸ்கரன் சாரின் வரைபடமும் எங்கள் குழாயடி விளக்கும்

செய்தி வந்தபோது எங்கள் அடுக்களையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், மகள் சபீனா, மீன் கொண்டுவந்த மேரிச் சேச்சி. போனை எடுத்தது சபீனா. அந்தப் பக்கம் பேசியவர் சாரின் தங்கை லீலா. "பாஸ்கரன் சார் போயிட்டாராம் உம்மா, விடியக்காலம்" என்றாள். மேரிச் சேச்சி சிலுவை போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் "இன்னா லில்லாஹி" சொன்னார். நான் மத்திக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி மீன் வரைக்கும் முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினேன். அழுகை வரவில்லை.

சாரின் நினைவு மலருக்கு நம் பூச்சிக் குழுவில் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் லீலா. முதல் பக்கத்தில் சார் வரைந்த அந்த வரைபடம் வரப்போகிறதாம். அந்த வரைபடம் தவறு. எனக்கு அது தெரியும். சாருக்கும் தெரிந்திருந்தது. மலர் அச்சாவதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குழுவுக்கு வெளியே இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்கதை. சார் மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றில் தரம் பார்த்தவர். மிளகைப் பார்த்த அதே லென்ஸை வைத்து, ஓய்வுக்குப் பிறகு அந்துப்பூச்சிகளைப் பார்க்கத் தொடங்கினார். ஏழு வீட்டுத் தோட்டங்களில் ஆளுக்கொரு வெள்ளைத் துணி, ஒரு விளக்கு, கீழே முட்டை அட்டைகள் அடுக்கிய பெட்டி. இருட்டும்போது விளக்கைப் போட்டு, பத்து மணிக்கு அணைக்க வேண்டும். வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள் அட்டைக் குழிகளில் ஒண்டிக் கிடக்கும். விடிந்ததும் எண்ணி, பெயர் எழுதி, நிழலில் விட்டுவிட வேண்டும். தை தொடங்கி, மழை வரும் வரைக்கும்.

முதல் வருடம் அவர் தந்த தாளில் ஐந்து கட்டங்கள்: தேதி, மழை, நிலா, பூச்சியின் பெயர், எண்ணிக்கை. "விளக்கு எத்தனை மணி வரைக்கும் எரிஞ்சுதுன்னு ஒரு கட்டம் வேண்டாமா சார்?" என்று கேட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் வீட்டில் எதையும் எழுதி வைத்துப் பழகியவள். அவர் என்னைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்துச் சொன்னார்: "அடுக்களைக்காரிக்கு எதுக்கு அதிகப்படிக் கட்டம்? குழம்பு கொதிச்ச நேரத்தை எழுதவா? பத்து மணிக்கு அணைச்சா மதி, அது போதும்." எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

பள்ளுருத்திக்குத் தெற்கே, கோயில் மரங்கள் அடர்ந்த அந்தக் காவுக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மதிலுக்கு வெளியே துணி கட்டியிருந்தோம். பழுப்பாக ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. நான் ஒரு பெயர் சொன்னேன். அவர் வேறு பெயர் சொன்னார். "உறுதியா சொல்றியா?" "உறுதிதான் சார்." பையிலிருந்து மருந்தில் நனைத்த பஞ்சு வைத்த குப்பியை எடுத்து அதன் மேல் கவிழ்த்தார். "அப்ப அறுத்துத்தான் பார்க்கணும்." படபடத்து அடங்கியது. இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். "நீ சொன்னது தப்பு. வாயை மூடிட்டு இருந்திருந்தா அது இந்நேரம் மரத்துல இருந்திருக்கும். எழுதிக்கோ: ஒன்று, ஜமீலாவின் வாயால் செத்தது." எழுதினேன். இப்போதும் நோட்டில் இருக்கிறது.

அதே மனிதர்தான் எங்கள் தோட்டத்தில் காலை வேளைகளில் அட்டையைத் தட்டவே விடமாட்டார். விரலை நீட்டிக்கொண்டு, பூச்சி தானாக ஏறும்வரை குனிந்தே நிற்பார். முட்டி வலியில் முகம் கோணும். ஆனாலும் நிற்பார். "எண்ணினதை எழுது, நினைச்சதை எழுதாதே" என்பார். "தெரியலன்னா தெரியலன்னு எழுது, அதுல ஒரு மானக்கேடும் இல்ல" என்பார். எனக்குத் தெரிந்த நூற்றுப் பதினெட்டுப் பெயர்களும் அவர் சொல்லித் தந்தவைதான். ஒன்றைக்கூடத் திட்டாமல் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் வருடம் நோன்பு முடிந்தபோது நான் இன்னொரு நோட்டை எடுத்தேன். பெண்கள் விலக்கு நாட்களில் விட்ட நோன்புகளைப் பின்னால் நோற்க வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை விட்டது என்று கல்யாணமான வருடத்திலிருந்து எழுதி வருகிறேன். பக்கத்தில் பூச்சி நோட்டு திறந்து கிடந்தது. இரண்டிலும் தேதிகளைப் பார்த்தேன். நோன்புத் தேதிகளும் பூச்சி குவிந்த தேதிகளும் ஒன்றாகவே இருந்தன.

எங்கள் கொல்லையில் குழாயடிக்கு வேறு விளக்கு கிடையாது. நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகை முடிந்து வருபவர்களுக்கும், விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டுக்குப் பாத்திரம் கழுவுவதற்கும் பூச்சி விளக்கைத்தான் எரிய விடுவோம். மற்ற நாட்களில் மூன்று மணி நேரம் எரிவது அந்த முப்பது நாளும் விடியும் மட்டும் எரியும். பெட்டியில் மூன்று மடங்கு பூச்சி விழும். நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருகிறது. பூச்சிக் குவியலும் அதனோடு முந்தி வந்தது. குழுவில் நோன்பு நோற்பவள் நான் ஒருத்திதான். அதனால் வேறு யாருக்கும் இது தோன்ற வழியில்லை.

அதற்குள் சார் கட்டத்தாளில் அந்த வரைபடத்தைப் போட்டிருந்தார்: வருடத்துக்கு ஒன்றாக மூன்று பூச்சிக் குன்றுகள், ஒவ்வொன்றும் ஒரு படி முன்னால். "மட்டாஞ்சேரியில வசந்தம் வருஷத்துக்குப் பத்து நாள் முந்துது" என்றார். சுள்ளிக்கல்லில் தன் வீட்டில் அப்படி இல்லையே என்று நம் குழுவின் அனிதா கேட்டாள். "உங்க வீட்டுல மரம் எங்கடீ இருக்கு? ஜமீலா வீட்டுப் புளியைப் போய்ப் பாரு" என்றார்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. களமசேரியில் ஒரு கல்லூரியில் அதைப் பேசக் கூப்பிட்டார்கள். நாம் எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். பேசி முடித்ததும் ஓர் ஆசிரியை எழுந்து, "விளக்கு எல்லா நாளும் ஒரே நேரம்தான் எரிஞ்சுதா?" என்று கேட்டார். சார் என் பக்கம் திரும்பினார். "ஜமீலா, எந்திரி. உங்க வீட்டு லைட்டு எத்தனை மணி வரைக்கும்?"

"பத்து மணி சார்" என்றேன்.

"அஞ்சு வேளை தொழறவ. பொய் சொல்லுவாளா?" என்றார். மண்டபமே கைதட்டியது.

பயந்து சொன்ன பொய் என்று யாரும் என்னைக் காப்பாற்ற வேண்டாம். இன்னும் பெரிய இடத்தில், இன்னும் பெரிய ஆட்கள் முன்னால் அந்த வரைபடம் உடைய வேண்டும், அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான்கு பேர் மத்தியில் முதல் தடவையாக என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாரே, அதை விடவும் மனம் வரவில்லை. இரண்டும் உண்மை. இந்த வருடம் நோன்பு வந்தபோது, தெரிந்தே விளக்கை எரிய விட்டேன்.

நோன்பின் பன்னிரண்டாம் நாள், வால் நீண்ட வெளிர்பச்சை அந்துப்பூச்சி துணியில் வந்து உட்கார்ந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். ஆசையில் சாருக்குப் போன் செய்துவிட்டேன். காலையில் வருவார் என்று நினைத்தேன். அவரால் தூங்க முடியவில்லை போலும். நாங்கள் ஸஹருக்கு உட்கார்ந்திருந்தபோதே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். உடம்பு ஏற்கெனவே பாதியாகியிருந்தது. எரியும் விளக்கைப் பார்த்தார். எங்கள் தட்டுகளைப் பார்த்தார்.

"மணி என்ன?"

"நாலரை சார்."

"எப்பப் போட்ட?"

"மக்ரிபுக்கு, இருட்டினதும்."

"எல்லா நோன்புக்கும் இப்படித்தானா? மூணு வருஷமும்?"

"ஆமா சார். கட்டம் வேணும்னு முதல் வருஷமே கேட்டேன்."

"கேட்ட. நான் என்ன சொன்னேன்?"

"அடுக்களைக்காரிக்கு எதுக்கு அதிகப்படிக் கட்டம்னு சொன்னீங்க."

"ஞாபகம் வெச்சிருக்கியே, மிடுக்கி! கெட்டிக்காரிதான்!" என்று சிரித்தார். அடுக்களைப் படியில் உட்கார்ந்து சபீனாவிடம் ஒரு சாயா கேட்டார். ஊதி ஊதிக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "டாக்டர் எனக்கு மாசக் கணக்குத்தான் சொல்றான். நான் இருக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கப்படாது. இந்தக் கைதட்டலோட நான் போயிடறேன். நான் செத்தப்புறம் நீயே சொல்லு, எழுதியே சொல்லு. அப்ப எல்லாரும் உன் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க."

பூச்சியைப் பார்க்காமலே போய்விட்டார். "சாருக்குப் பூச்சியைக் காட்டவே இல்லையே உம்மா" என்றாள் சபீனா. வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தேன். மைனா தின்றிருந்தது. நான்கு பச்சைச் சிறகுகள் மட்டும் தரையில் கிடந்தன. அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பெருநாள் கழிந்து பதினாறாம் நாள் அவர் போய்விட்டார்.

என் பொய்க்கு அல்லாஹ்விடம் பிழை பொறுக்கக் கேட்டாகிவிட்டது. ஆனால் மனிதர்களுக்குச் செய்த பிழைக்கு மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். அதனால் உங்களிடம் கேட்கிறேன், மன்னியுங்கள். அவரிடம் கேட்கும் வாய்ப்பு அந்தப் படியில் எனக்குக் கிடைத்தது, நான் கேட்கவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை. இருவரும் சாயாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு வழக்கம். பெட்டியில் எண்ணி முடித்ததும், தப்பு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது போலிருக்கும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். பெரும்பாலும் முதல் எண்ணிக்கைதான் சரியாக இருக்கும். ஆனாலும் எண்ணாமல் எழுந்திருக்க முடிவதில்லை. அதை நான் சாகும் வரை வைத்திருப்பேன்.

மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வரைபடத்தை எடுத்துவிடுவதா, அல்லது அதைப் போட்டு அடுத்த பக்கத்திலேயே இதையும் என் பெயரோடு போடுவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அனிதாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. யாராவது வாசித்துக் காட்டுங்கள், களமசேரியில் நான் பொய் சொன்ன இடத்தை விட்டுவிடாமல். எது என்றாலும் எனக்குச் சம்மதம். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்.